பீலியும் அச்சும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவிற்கென எனக்கு முதலில் தரப்பெற்ற தலைப்பு வேறு. சங்க மகளிர் பாடல்களில் இயற்கை பற்றிப் பேச வேண்டும் என்று கார்த்திகைத் திங்களிலேயே செயலாளர் கேட்டுக்கொண்டார். நானும் இசைந்தேன். ஆனால் தை நான்காம் நாள் நிகழ்ந்த ஒன்று அத்தலைப்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டது. தயக்கத்தோடு செயலாளரிடம் சொன்னேன். "எதைப் பற்றிப் பேசினாலும் உங்கள் பேச்சு தமிழைப் பற்றியதாகத்தான் முடியும் அம்மா" என்று பெருந்தன்மையோடு விடை தந்தார். அவர் நம்பிக்கை பொய்க்காமல் பேச முயல்கிறேன்.

அன்று பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த நாள். முதல் பாடவேளை குறுந்தொகை. முனைவர் பட்டத்திற்காக ஆறாண்டுகள் அகப்பாடல்களோடு வாழ்ந்தவள் நான். ஆண்டுதோறும் நடத்திவரும் பாட்டொன்றை நூலைப் பாராமலே சொல்லத் தொடங்கினேன். மூன்றாம் அடியில் சொல் நின்றுவிட்டது. அடுத்த சொல் நாவிலும் இல்லை, நினைவிலும் இல்லை. வகுப்பறை சற்றே சுழன்றது. மேசையைப் பற்றிக்கொண்டு நின்றேன். முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து வந்து நாற்காலியை எனக்குப் பின்னே நகர்த்தி வைத்து, "உட்காருங்க மேடம்" என்றாள். உட்கார்ந்தேன். உட்கார்ந்தவுடன் கண்ணீர் பெருகிற்று. அதன் காரணம் எனக்கே அப்போது விளங்கவில்லை.

மறுநாள் மருத்துவரிடம் சென்றேன். என்னினும் இளையவர். குருதியில் இரும்புச்சத்துக் குறைவு என்றார். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார். பின்னர் ஒரு வினாக் கேட்டார்: "தீபாவளியிலிருந்து இன்று வரை எத்தனை நாள் ஆறு மணி நேரம் தூங்கியிருப்பீர்கள்?" விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். ஒரு கையே போதுமானதாக இருந்தது.

இது என் ஒருத்தியின் கதையாக இருந்தால் இம்மேடையில் சொல்ல ஒருப்படேன். இங்கே அமர்ந்திருக்கும் நாற்பதைக் கடந்த சகோதரிகளின் முகங்களைப் பார்க்கிறேன். பலர் தலையசைக்கிறார்கள். ஆகவே தொடர்கிறேன்.

பண்டிகைப் பருவம்

நம் பகுதியில் பண்டிகைப் பருவம் புரட்டாசியில் தொடங்குகிறது. சனிக்கிழமைதோறும் தளிகை. அதனையொட்டி நவராத்திரிக் கொலு. ஐப்பசியில் தீபாவளியும் கேதார கௌரி நோன்பும். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்து வீடுகளில் நோன்பு என்றால் அதிரசம். அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து, வெல்லப் பாகின் பதம் பார்த்துக் கிளற வேண்டும். கார்த்திகையில் அண்ணாமலைத் தீபமும் அகல்விளக்கும் பொரியும். மார்கழி முழுதும் விடியலுக்கு முன் வாசலில் கோலம். தையில் பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல். இடையில் கிறித்தவ இல்லங்களில் பிறப்புப் பெருவிழாவும் புத்தாண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம் ஆகிய ஊர்களில் நோன்பு மாதம் வரும்போது இசுலாமியச் சகோதரிகள் சஹர் உணவுக்காக ஊருறங்கும் வேளையில் அடுப்பு மூட்டுகிறார்கள். மாலையில் நோன்பு திறக்கக் கஞ்சியும் பலகாரமும் செய்கிறார்கள். பிறையாண்டு ஏறத்தாழ 11 நாள் குறைந்தது ஆதலின், ரமலான் பருவந்தோறும் நகர்ந்து சில ஆண்டுகளில் பொங்கலை ஒட்டியும் வந்துவிடுகிறது. சமயங்கள் வேறுபடினும் அடுப்படி ஒன்றுதான்.

பண்டிகைகளை நான் பழிக்கவில்லை. பண்டிகையற்ற வாழ்வு சத்திரமற்ற நெடுவழி போன்றது. என் குழந்தைமையின் இனிய நினைவுகள் அனைத்தும் பண்டிகை நாள்களைச் சார்ந்தவை. ஆனால் அந்நினைவுகளில் என் தாயார் உட்கார்ந்திருக்கும் காட்சி ஒன்றேனும் உண்டா என்று அண்மையில் தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

நம் முன்னோர் ஓய்வின் அருமை அறியாதவர் அல்லர். மாட்டுப் பொங்கலன்று எருதின் கழுத்தில் நுகம் வைக்கும் வழக்கம் இல்லை. குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் தீட்டுகிறோம். ஆயுத பூசையன்று ஷூ கம்பெனிகளில் தையல் இயந்திரங்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு ஓயவிடுகிறார்கள். கலைமகள் விழாவில் நூல்களை அடுக்கி வைத்து, அன்று படிக்கலாகாது என்று பிள்ளைகளைத் தடுக்கிறோம். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் அன்று பொட்டு உண்டு. அதிரச மாவுக்குக்கூட ஓய்வு தருகிறோம். கிளறிய உடனே தட்டி எண்ணெயில் இட்டால் உடைந்துபோகும் என்று ஒருநாள், இருநாள் மூடி வைக்கிறோம். எருதுக்கும் ஏட்டுக்கும் கருவிக்கும் மாவுக்கும் ஓய்வு வகுத்த மரபு, அவ்வோய்வு நாள்களை நடத்தித் தரும் கைகளுக்கு ஒரு நாள் ஒதுக்க மறந்துவிட்டது. அந்நாள்களில்தான் அக்கைகளுக்கு வேலை மிகுதி.

இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஓர் உண்மையைக் கூறுகிறது. ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்குச் செலவிடும் நேரம் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம். அவ்வேலையில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். அதிலும் ஈடுபடும் ஆண்கள் நூற்றுக்கு 26 பேர் மட்டுமே. பெண்கள் 81 பேர். இது பொது நாள்களின் கணக்கு. பண்டிகை நாள்களின் கணக்கை நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

ஓய்வு என்னும் சொல்

தமிழாசிரியை ஆதலின் சொல்லாராய்ச்சியின்றி மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. 'ஓய்வு' என்று இன்று நாம் வழங்கும் சொல்லின் அடி 'ஓய்தல்'. தொல்காப்பியர் உரியியலில் ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய் என்னும் நான்கனையும் ஒரே பொருளில் வைக்கிறார். முன்பு இருந்த அளவினின்றும் நுணுகிக் குறைதல் என்பது அப்பொருள். அதாவது பழந்தமிழில் ஓய்தல் என்பது தேய்தல். தேய்வைக் குறித்த சொல்லே காலப்போக்கில் தேய்வைப் போக்கும் இளைப்பாறலையும் குறிக்கலாயிற்று. 'ஓய்ந்துபோனாள்' என்றால் சோர்ந்தாள். 'ஓய்வெடுத்தாள்' என்றால் சோர்வு தீர்ந்தாள். நோயும் மருந்தும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன. ஓய்வு எடுக்காதவர் ஓய்ந்துபோவார் என்று மொழியே நமக்கு உணர்த்துவதாக நான் கருதுகிறேன்.

'இளைப்பாறல்' இன்னும் நயமானது. இளைப்பு என்பது மெலிவு. ஆறுதல் என்பது தணிதல். புண் ஆறுவதும் பால் ஆறுவதும் இளைப்பு ஆறுவதும் ஒரே வினை. மூன்றுக்கும் காலம் தேவை. ஊதி ஊதிப் பாலை ஆற்றலாம். புண்ணை அவ்வாறு ஆற்ற இயலாது.

மெய்ப்பாட்டியலுக்கு வருவோம். இளிவரல் என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்களைத் தொல்காப்பியர் நான்காக வகுக்கிறார்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. தன்னைத் தானே தாழ்வாக உணரும் அவ்வுணர்வுக்கு உடற்சோர்வையும் ஒரு காரணமாக அவர் வைத்த நுட்பம் வியக்கத்தக்கது. அன்று வகுப்பறையில் எனக்கு வந்த கண்ணீரின் பெயரை நான் இங்கேதான் கண்டேன். உவகைக்கு அவர் கூறும் நான்கனுள் விளையாட்டும் ஒன்று. செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றோடு ஒப்ப அதனை வைத்தார். நாற்பது வயதுப் பெண் கடைசியாக விளையாடியது எப்போது என்று கேட்டால், தாயக்கட்டை எந்தப் பரணில் கிடக்கிறது என்றே பலர்க்குத் தெரியாது.

மேலைநாட்டில் 1974ஆம் ஆண்டு ஃபிராய்டன்பெர்கர் என்னும் உளவியலார் இச்சோர்வுக்கு 'எரிந்து தீர்தல்' என்னும் பொருள்படப் பெயரிட்டு எழுதினார். உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் அதனைத் தொழில்சார் நிகழ்வாகத் தன் வகைப்பாட்டில் விளக்கியது. ஆனால் பணியிடத்துச் சோர்வை மட்டுமே அச்சொல் குறிக்கும், வாழ்வின் பிற பகுதிகளுக்குப் பொருந்தாது என்றும் வரையறுத்தது. சமையலறை எவர் கணக்கிலும் பணியிடம் ஆகவில்லை.

மடியும் வலியும்

இனி நான் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளியை அடுத்த வாரத்தில், என் வகுப்பில் மாணவி ஒருத்தி உறங்கிவிட்டாள். அன்று திருக்குறள் பாடம். அவளை எழுப்பி நிற்கவைத்து, மடியின்மை அதிகாரத்தின் பத்துக் குறளையும் அவளைக் கொண்டே படிக்கச் செய்தேன். வகுப்பு சிரித்தது. அவள் தலைகுனிந்து படித்து முடித்தாள். சோம்பலைக் கடிந்த வள்ளுவரை நான் கையில் பிரம்பாகப் பிடித்திருந்தேன்.

பின்னர்த் தெரிந்தது: அவள் ஆம்பூருக்கு அருகில் உள்ள சிற்றூரினள். அவள் தாயார் ஷூவின் மேற்பகுதியை வீட்டில் இருந்தே கையால் தைப்பவர். முகவர் கொண்டுவந்து தரும் தோல் துண்டுகளை ஊசியும் நூலும் கொண்டு தைத்துத் திருப்பித் தர வேண்டும். கூலி ஜோடிக் கணக்கு. கம்பெனிக்குள் வேலை செய்பவர்க்குக் கிடைக்கும் போனசோ வார விடுமுறையோ இவர்க்கு இல்லை. தடித்த தோலில் ஊசியை இழுத்து இழுத்து விரல் வெடிக்கிறது. குனிந்தே இருப்பதால் கழுத்தும் இடுப்பும் கண்ணும் வலிக்கின்றன. பண்டிகைச் செலவுக்கு வாங்கிய கடனை அடைக்கத் தாயும் மகளும் விளக்கு வெளிச்சத்தில் நள்ளிரவு கடந்தும் தைத்திருக்கிறார்கள். அந்த மகளைத்தான் மடியின்மை படிக்க வைத்தேன். அவள் இன்று எங்கிருந்தாலும் என்னை மன்னிக்க வேண்டும்.

அந்நிகழ்ச்சிக்குப் பின் அரசியல் அதிகாரங்களை மீண்டும் படித்தேன். மடியின்மை 61ஆம் அதிகாரம். அதே அரசியலில் அதற்கு முன்பே 48ஆம் அதிகாரமாக வலியறிதல் இருக்கிறது. செய்யப்புகும் வினையின் வலிமையையும் தன் வலிமையையும் அறிந்து செயற்படுக என்பது அதன் சாரம். மயிற்பீலி ஏற்றிய வண்டியாயினும் அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் காட்டும் உவமையை இப்பேரவை நன்கு அறியும். அரசனுக்கும் படைக்கும் அதனை நாம் பொருத்துகிறோம். உழைத்துக் களைத்த பெண்ணின் முன் மட்டும் மடியின்மையை விரித்து வைத்துவிட்டு வலியறிதலை மூடிவைக்கிறோம்.

ஒருமுறை நம் வீடுகளுக்குப் பொருத்திப் பாருங்கள். பண்டிகைக் கால வேலைகளில் எந்த ஒன்றும் மலையன்று. ஒரு கோலம். ஒரு படி மாவு. ஊரிலிருந்து வரும் நாத்தனாருக்கு ஒரு புடைவை. பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டுப் பலகாரம். தேர்வுத்தாள் ஒரு கட்டு. ஒவ்வொன்றும் பீலி. 'இது என்ன பெரிய வேலை?' என்று வீட்டார் கேட்பது பொய்யன்று. உண்மையிலேயே அது பெரிய வேலை இல்லைதான். அதனால்தான் மறுக்கவும் நா எழுவதில்லை. அச்சு முறிந்த பிறகு வண்டியைப் பார்க்கிறவர், பீலிதானே ஏற்றியிருந்தது, இதற்கா முறிந்தது என்று வியக்கிறார்.

அந்த அச்சோ நாற்பதுகளில் முன்போல் இருப்பதில்லை. நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் காலம் பெரும்பாலும் 46, 47 வயதை ஒட்டி வருகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே உறக்கம் குலைகிறது. உடல் திடீரெனக் கொதிக்கிறது. எலும்பின் உறுதி குறையத் தொடங்குகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படித் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேர்க்கு இரத்தச்சோகை இருந்தது. இவற்றோடுதான் நாம் மார்கழிக் கோலத்திற்கு எழுகிறோம். எல்லார்க்கும் பரிமாறிவிட்டு எஞ்சியதை உண்கிறோம். மருந்து அதிகாரத்தில் மிகுதியும் குறைவும் நோய் செய்யும் என்றவர் வள்ளுவர். உணவில் மட்டுமன்று, உழைப்பிலும் அவ்வளவு உண்டென உரையாசிரியர் வழிநின்று கொள்ளலாம்.

மணற்கேணியும் ஊற்றும்

கல்விக்கு மணற்கேணியை உவமை சொன்னார் வள்ளுவர். தோண்டத் தோண்ட ஊறும் என்றார். பாலாற்றங்கரையில் வளர்ந்த எனக்கு அக்குறள் பாடமன்று, பழக்கம். சிறுமியாக இருந்தபோது பாட்டியோடு ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டச் செல்வேன். கையால் மணலை விலக்கினால் நீர் கசியும். கொட்டாங்கச்சியால் முகந்து குடத்தில் ஊற்றுவோம். நான் அவசரப்பட்டு முகப்பேன்; நீர் கலங்கிவிடும். பாட்டி கையைப் பிடித்து நிறுத்தி, "ஊறட்டும் இரு" என்பார். இருவரும் மணலில் உட்கார்ந்திருப்போம். சற்று நேரத்தில் பள்ளம் தெளிந்து நிறையும். என் பாட்டி உட்கார்ந்திருந்து நான் பார்த்தது அந்த ஆற்றில் மட்டுமே.

பாலாற்றுக்கு என்ன நேர்ந்தது என்பதை இப்பகுதியினர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. தோல் பதனிட்ட கழிவுநீர் மண்ணுள் இறங்கிக் கிணறுகள் கெட்டன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவர் ஈடு செய்க என்னும் கோட்பாட்டை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. ஆறு பேசாதாகையால் அதற்காக மக்கள் பேச வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டே இருந்து ஊறவிடாமல் விட்டால் ஆறும் வற்றும் என்பதைக் கண்ணால் கண்ட ஊரார் நாம். வீட்டிலுள்ள ஊற்றை அறியாமல் இருப்பது நமக்குத் தகாது.

பாவலர்களாகிய உங்களுக்கு இது மேலும் பொருந்தும். கவிதை அவ்வூற்றில் தெளிந்து மேலே வரும் நீர். கலங்கிய நெஞ்சில் செய்தி வரும், கவிதை வாராது. என்னிடம் ஒரு பச்சை அட்டைக் குறிப்பேடு இருக்கிறது. அதில் என் கடைசிக் கவிதையின் கீழ் எழுதியுள்ள நாள் என் மகள் பள்ளியில் சேர்ந்த ஆண்டைச் சேர்ந்தது. அவள் இப்போது கல்லூரி மாணவி.

வேலம் தந்த சான்று

ஓய்வு எதைத் தரும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. வாலாஜாப்பேட்டைக்கு அருகில் உள்ள வேலம் என்னும் சிற்றூரில் வளர்ந்த இளைஞர் ஒருவர் பள்ளிப் படிப்பு முடித்துச் சில காலம் எழுத்தராகப் பணியாற்றினார். உடல்நலம் குன்றியது. வேலையை விட்டுச் சிற்றூர் திரும்பி ஓய்வு கொண்டார். அவ்வோய்வில்தான் தமிழின்பால் நெஞ்சம் சென்றது. திருப்பத்தூர் முருகைய முதலியாரிடம் தமிழ் பயின்றார். 1935ஆம் ஆண்டு வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதல்வராகத் தேறி, திருப்பனந்தாள் மடத்தின் ஆயிரம் ரூபாய்ப் பரிசைப் பெற்றார். 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் முதன்முதலாக முனைவர் பட்டம் பெற்றார். அவர் 1912இல் பிறந்த மு.வரதராசனார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! 'அகல் விளக்கு' எழுதிச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற பேராசான், எழுத்தர் நாற்காலியிலேயே தேய்ந்து போயிருப்பின் தமிழ் என்ன இழந்திருக்கும்!

இச்சான்றை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். இம்முறை சொல்லும்போது வேறொன்று தோன்றியது. நோயுற்ற இளைஞர் திரும்புவதற்கு ஒரு வீடு இருந்தது. வேளைக்குக் கஞ்சி வைத்துத் தர அங்கே எவரோ இருந்திருப்பார். அவர் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை.

பெண்ணுக்கும் முன்பு அப்படி ஒரு வீடு இருந்தது. அதன் பெயர் தாய்வீடு. ஆடிக்கு அழைத்தார்கள், தலைப்பேற்றுக்கு அழைத்தார்கள். அங்கே விடிந்தும் உறங்கலாம். எழுந்தால் காப்பி வரும். நாற்பத்தைந்து வயதில் அவ்வீட்டின் நிலை என்ன? தாய் முதியவர், அல்லது இல்லை. சென்றால் நாம்தான் அடுப்படிக்குள் நுழைகிறோம். மருந்துச் சீட்டைப் பார்க்கிறோம். தாய்க்கு நாமே தாயாகிவிட்டோம். பிள்ளைகளோ இன்னும் நம்மைத் தாய்வீடாக எண்ணி வருகிறார்கள். இருபுறமும் தாயாக நின்று, தான் திரும்பிச் செல்லத் தாய்வீடு இல்லாத வயது இது. ஆகவே அதனை வேறெங்கேனும் நாம் கட்டிக்கொள்ளத்தான் வேண்டும்.

நம் வட்டம் செய்யத்தக்கன

ஓய்வு எவர்க்கும் தானே வந்ததில்லை. 1923ஆம் ஆண்டு சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடியது, உழைப்பவர்க்கு ஓயும் உரிமை உண்டு என்னும் உலகக் குரலோடு சேர்ந்துதான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்தில் ஒரு நாள் விடுப்பையும், இருபது நாள் உழைப்புக்கு ஒரு நாள் என ஊதியத்தோடு கூடிய விடுப்பையும் வகுத்தது. கேட்டதால் கிடைத்தவை அவை. நாமும் கேட்க வேண்டும்.

முதலில் வீட்டில் கேட்டேன். இனி ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை என்னைத் தேடக் கூடாது என்றேன். அடுத்த நோன்புக்கு அதிரசம் எண்ணிப் படைக்கும் அளவே செய்வது, தெருவுக்கெல்லாம் அனுப்புவதில்லை என்றேன். கணவர் இசைந்தார், இரவுச் சமையலில் வாரம் மூன்று நாள் தம்முடையது என்றார். அவர் வைக்கும் இரசம் இன்னும் இரசமாகவில்லை என்பதையும் உண்மை கருதிச் சொல்லிவிடுகிறேன். மாமியார்தாம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை என் அறைக்கு வந்து கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தார். எழுபத்தைந்து வயது. "எங்க காலத்துல இப்படிக் கேக்கலாம்னே தெரியாது, பாப்பா" என்றார். பிறகு காலை நீட்டிக்கொண்டார். நான் படித்தேன்; அவர் உறங்கினார்.

இரண்டாவதாக ஓர் எச்சரிக்கையை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மையாரை இன்னும் ஒரு மணி நேரம் இருக்கச் சொல்லி அந்த இரண்டு மணி நேரத்தை நான் பெறலாகாது. அவருக்கும் அச்சு ஒன்றுதான். பண்டிகை வாரம் முடிந்தபின் ஊதியத்தோடு மூன்று நாள் விடுப்பு என்று அவரிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. வேலையை விட்டு நீக்குகிறேன் என்று எண்ணி அழுதுவிட்டார்.

மூன்றாவதாக இவ்வட்டத்திடம் கேட்கிறேன். இம்மலருக்காகப் பத்தாண்டு வருகைப் பதிவேடுகளைச் செயலாளர் என்னிடம் தந்தார். புரட்டிப் பார்த்தேன். ஐப்பசி முதல் தை வரை பெண்களின் கையொப்பம் அருகிவிடுகிறது. முதலாண்டில் கவிதை படித்த சகோதரிகள் சிலரின் பெயர் நான்காம், ஐந்தாம் ஆண்டுகளுக்குப் பின் காணப்பெறவே இல்லை. அவர்கள் இவ்வூரில்தான் இருக்கிறார்கள், சந்தையில் பார்க்கிறேன். 'எழுதுகிறீர்களா?' என்று கேட்டால் சிரிக்கிறார்கள். நம் கூட்டம் நடப்பது ஞாயிறு காலை பத்து மணி. வாரத்திலேயே அடுப்படி வேலை மிகுந்த வேளை அது. கூட்டம் முடிந்து பாவலர்கள் வீடு திரும்பும்போது கறிக்குழம்பு ஆயத்தமாக இருக்கிறது. அதனை ஆக்கியவர் கவிதையைக் கேட்கவில்லை.

ஆகவே என் வேண்டுகோள்கள் மூன்று. கூட்டத்தை ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மாற்றுக. தை கடைசி ஞாயிறன்று ஏலகிரியிலோ அமிர்தியிலோ மகளிர்க்கென ஓர் இளைப்பாறற் கூடல் நடத்துக. அன்று உணவு சமைத்துக் கொண்டுவருவது ஆடவர் பொறுப்பாகட்டும். எவரும் கவிதை படித்தே ஆக வேண்டும் என்னும் கட்டாயமும் வேண்டா. பதிவேட்டில் மறைந்துபோன சகோதரிகளின் வீடுகளுக்கு நம் வட்டத்தார் இருவர் இருவராகச் சென்று, 'உங்கள் கவிதையை நாங்கள் மறக்கவில்லை' என்று சொல்லி அழைத்து வருக. முதல் வீட்டுக்கு நான் வருகிறேன்.

சகோதரிகளுக்கு ஒரு சொல். இத்திங்களுக்குள் குருதிச் சோதனை செய்துகொள்ளுங்கள். காலையிலோ மாலையிலோ அரைமணி நேரம் கோட்டை அகழியைச் சுற்றியோ ஏரிக்கரையிலோ நடந்துவாருங்கள். பண்டிகையன்று எல்லாரோடும் சேர்ந்து அமர்ந்து உண்ணுங்கள். 'முடியாது' என்னும் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அது நல்ல தமிழ்ச் சொல்தான்.

வகுப்பில் நான் மறந்த அந்த அடி எட்டாம் நாள் பிற்பகல் உறங்கி எழுந்தபோது தானே நினைவுக்கு வந்தது. மறுநாள் வகுப்பில் அப்பாட்டை முழுதும் சொன்னேன். நாற்காலி தந்த மாணவி முதல் வரிசையில் இருந்தாள். பச்சை அட்டைக் குறிப்பேட்டைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். இன்னும் எதுவும் எழுதவில்லை. ஊறட்டும் என்று காத்திருக்கிறேன்.